தூத்துக்குடி உப்புக்காத்துல கார் போல்ட்டு, கிளாம்ப்பைக் காப்பாத்த ஜிங்க் ஸ்ப்ரேயும் வேக்ஸும்: யூஸ் பண்ண அனுபவம்

முடிவை முதல்லயே சொல்லிடறேன். ஜிங்க் ஸ்ப்ரே, அதாவது துத்தநாகப் பொடி கலந்த ஸ்ப்ரே, தாராளமா வாங்கலாம், ஆனா அதை மட்டும் அடிச்சு விட்றாதீங்க, மேல வேக்ஸ் மாதிரி எண்ணெய்ப் பசை உள்ள ஒரு கோட் கண்டிப்பா வேணும். கறுப்பா கெட்டியா அடிச்சு விடறாங்களே அண்டர்பாடி கோட்டிங், அது அடித்தகட்டுக்கு ஓகே, போல்ட்டு, நட்டு, கிளாம்ப்பு, பிராக்கெட்டு இதுக்கெல்லாம் அது சரிப்பட்டு வராது. நான் போட்டுப் பாத்தது எங்க வீட்டு பழைய மாருதி 800ல, 2014லயே கம்பெனி நிறுத்திட்ட வண்டி, அப்பா ஆசையா வச்சிருந்தது, அதனால இன்னும் ஓட்டிக்கிட்டு இருக்கோம், விக்கற எண்ணம் இல்ல.

ஊர் தூத்துக்குடின்னதுமே பாதிப் பேருக்குப் புரிஞ்சிருக்கும். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம். குஜராத்துக்கு அடுத்து இந்தியாவுல உப்பு அதிகமா விளையறது தமிழ்நாட்டுல தான், அதுல பெரும்பங்கு நம்ம மாவட்டம். காத்துல வர்ற உப்பு வண்டி அடியில போய் ஒட்டிக்கும், கண்ணுக்குத் தெரியாது. இங்க நிறைய பேர் "மழைக்காலத்துல தான் துருப்பிடிக்கும், வெயில்ல என்ன ஆகப் போகுது"ன்னு நினைக்கறாங்க, அது தப்பு. சுத்தமான உப்பு, காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே தானா தண்ணியை இழுத்துக் கரைய ஆரம்பிச்சிடும். கடல் உப்புல மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கறதால அதை விடக் கம்மியான ஈரத்துலயே கசியும். அடுப்படியில கல் உப்பு ஜாடி அடியில தண்ணி நிக்குதே, அதே வேலை தான் ராத்திரி ராத்திரி உங்க வண்டி போல்ட்டு மேலயும் நடக்குது. பகல்ல காயும், ராத்திரி நனையும், ஒரு சொட்டு மழை இல்லாமலே இரும்பு தின்னு போயிடும்.

இதுக்கு மேல 2023 டிசம்பர் 17, 18 மழை. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கிட்ட கொட்டின அந்த மழையில எத்தனை வண்டி தண்ணியில நின்னுச்சுன்னு இந்தப் பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும். இன்ஜினை, வயரிங்கை எல்லாரும் பாத்தாங்க, சீட்டு ரெயிலையும், சீட்டைத் தரையோட பிடிக்கற போல்ட்டையும், கார்பெட்டுக்கு அடியில இருக்கற பஞ்சு குடிச்சு வச்ச தண்ணியையும் ரொம்ப பேர் பாக்கல. இன்னைக்கும் அந்த வெள்ளத்துல நின்ன வண்டி வச்சிருக்கறவங்க கார்பெட்டைத் தூக்கி ஒரு தடவை பாத்துடுங்க, இதைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன், ஏன்னா சீட் பெல்ட்டு போல்ட்டும் அங்க தான் இருக்கு.

நம்ம கடலோரக் காத்து எப்படிப்பட்டதுன்னு தெரியணும்னா பாம்பனைப் பாருங்க. 1914ல திறந்த ரயில் பாலம், துரு அரிப்பால 2022 டிசம்பர்ல ரயிலை நிறுத்தினாங்க, பக்கத்துலயே புதுசு கட்டி 2025 ஏப்ரல்ல திறந்தாங்க, அதுல கான்கிரீட்டுக்குள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி, இரும்பு மேல பாலிசிலாக்ஸேன் பெயின்ட்டு. காரைக்குடியில 1953ல திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இந்த அரிப்பை ஆராய்ச்சி பண்றதுக்கு பாம்பன் பக்கத்துல இருக்கற மண்டபம் ஊர்லயே தனி இடம் வச்சிருக்கு. அவ்வளவு மோசமான காத்து இது. வெளிநாட்டுல பனிக்கு ரோட்டுல உப்பு போடறதைப் பத்தி வீடியோ போடறாங்க, அவங்களுக்கு அது குளிர்காலத்துல மட்டும், நமக்கு வருசம் பூரா.

சரி ஜிங்க் ஸ்ப்ரேக்கு வர்றேன். ஹார்டுவேர் கடையில கோல்டு கால்வனைசிங் ஸ்ப்ரேன்னு கேட்டாலும் குடுப்பாங்க. சில நூறு ரூபாய் ஆகும், சாதா பெயின்ட் ஸ்ப்ரேயை விட ரேட் கூட தான். வாங்கும்போது ஒண்ணு கவனிங்க, சில்வர் பெயின்ட்டும் இதுவும் அடிச்சு முடிச்சதும் கிட்டத்தட்ட ஒண்ணு போலத் தான் இருக்கும், ஆனா சில்வர்ல இருக்கறது அலுமினியப் பொடி, அது வெறும் கலர். லேபிள்ல காஞ்ச படலத்துல ஜிங்க் எவ்வளவு சதவீதம்னு போட்டிருக்கான்னு பாருங்க, 90 சதவீதம் கிட்ட இருந்தா நல்ல சரக்கு. ஜிங்க் கனமான பொடி, டின் அடியில படிஞ்சு கிடக்கும், உள்ள இருக்கற குண்டு நல்லா உருளற வரைக்கும் குலுக்கணும், அடிக்கும்போதும் நடுநடுவுல குலுக்கிக்கிட்டே இருக்கணும், இல்லன்னா வெறும் பசை தான் வெளிய வரும்.

இது பெயின்ட் மாதிரி மூடி மட்டும் வைக்காது. இரும்பை விட ஜிங்க் வேதி வினையில சுறுசுறுப்பான உலோகம், ரெண்டும் ஒட்டி இருக்கும்போது முதல்ல ஜிங்க் தான் அரிபடும், இரும்பு தப்பிச்சுக்கும். அதனால தான் கீறல் விழுந்தாலும் தாங்குது. நான் வண்டியில இருந்து கழட்டின பழைய பிராக்கெட்டு ரெண்டை எடுத்து வயர் பிரஷ் போட்டுத் தேய்ச்சு, ஒண்ணுக்கு ரெட் ஆக்சைடு பிரைமர், இன்னொண்ணுக்கு ஜிங்க் ஸ்ப்ரே அடிச்சு, ரெண்டுலயும் ஸ்க்ரூ டிரைவர் முனையால இரும்பு பளிச்னு தெரியற வரைக்கும் ஒரு கோடு இழுத்து மொட்டை மாடியில கடல் பாத்த சுவர்ல கட்டித் தொங்க விட்டேன். ரெட் ஆக்சைடு போட்டதுல கொஞ்ச நாள்லயே அந்தக் கோடு செம்மண் கலருக்கு மாறிடுச்சு, அதுக்கப்புறம் கோட்டோட ரெண்டு கரையிலயும் பெயின்ட்டுக்கு அடியில துரு ஊர்ந்து போய் பெயின்ட்டு மேல தூக்கி நின்னுச்சு, நகத்தால நெம்பினா சில்லு சில்லா வந்துச்சு, அடியில பூரா பொடி. ஜிங்க் போட்டதுல கோட்டுக்குள்ள வெள்ளையா மாவு போல ஏதோ அடைச்சுக்கிச்சு, அது ஜிங்க் அரிச்சு வந்த உப்பு, சிவப்பே இல்ல. கோட்டை அகலமா இழுத்திருந்த ஒரு இடத்துல மட்டும் நடுவுல லேசா பழுப்பு தட்டுச்சு, ஏன்னா ஜிங்க்கோட காப்பு ஓரளவு தூரம் வரைக்கும் தான் எட்டும். இதைப் பாத்ததுக்கு அப்புறம் தான் எனக்கு இது மேல முழு நம்பிக்கை வந்துச்சு. ரெட் ஆக்சைடைக் குறை சொல்லல, அதுலயே ஜிங்க் குரோமேட் கலந்த பிரைமர் வருது, கேட்டுக்கும் கிரில்லுக்கும் நாம அடிக்கறது பெரும்பாலும் அது தான், ஆனா கல்லும் மண்ணும் தெறிக்கற வண்டி அடியில கீறல் விழாம இருக்காது, அங்க கீறல் விழுந்தும் தாங்கறது தான் வேணும்.

ஆனா இதுக்கு கண்டிசன் இருக்கு. ஜிங்க், இரும்பை நேரடியாத் தொட்டாத் தான் வேலை செய்யும். துரு மேலயோ பழைய பெயின்ட்டு மேலயோ அடிச்சீங்கன்னா காசு வேஸ்ட்டு. வயர் பிரஷ், அப்புறம் உப்புத்தாள், அப்புறம் தின்னர் துணியால துடைக்கணும், இதுக்குத் தான் நேரம் போகும், ஸ்ப்ரே அடிக்கறது அஞ்சு நிமிச வேலை. சைலன்சர்ல இன்ஜின் பக்கத்துப் பைப்புக்கு இது ஆகாது, அந்தச் சூட்டுக்கு ஹை டெம்பரேச்சர் பெயின்ட்டு தனியா இருக்கு. பிரேக் டிஸ்க்கு, பேடு, டிரம்முக்குள்ள எதுவும் அடிக்கவே கூடாது, சுத்தி பேப்பர் கட்டிட்டு அடிங்க. படலம் கொஞ்சம் மொறமொறன்னு இருக்கும், பானா போட்டுத் திருகினா போல்ட்டுத் தலையில உரிஞ்சிடும், அதனால டைட் வச்சு முடிச்சதுக்கு அப்புறம் ஒரு தடவை டச்சப் பண்ணணும். மரையில அடிக்காதீங்க.

அண்டர்பாடி கோட்டிங் பத்தி எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு, பேர் வேண்டாம். சொந்தக்காரங்க வண்டிக்கு ஒரு இடத்துல அடிச்சுக் குடுத்தாங்க, லிஃப்ட்ல தூக்கிப் பாத்தா மண்ணைக் கூட சரியாக் கழுவாம அடிச்சிருக்காங்க, ரன்னிங் போர்டுக்கு அடியில தண்ணி வடியறதுக்கு கம்பெனியே விட்டிருக்கற ஓட்டை எல்லாம் அடைபட்டுப் போச்சு. ஓட்டை அடைஞ்சா உள்ள போன தண்ணி எங்க போகும்? உள்ளயே நின்னு உள்பக்கமிருந்து தின்னுட்டு வரும், வெளியில கோட்டிங் கறுப்பா பளபளன்னு இருக்கும், தட்டிப் பாத்தா தான் ஓட்டைன்னு தெரியும். போல்ட்டு மேல அடிச்ச இடத்துல, ஒரு தடவை பானா பட்டதும் கோட்டிங் கிழிஞ்சு, அந்தக் கிழிசல் வழியா தண்ணி உள்ள இறங்கி அங்கயே தங்கிடும். நல்லா கழுவி, காய வச்சு, ஓட்டைக்கெல்லாம் டேப் ஒட்டி அடிக்கற கடையும் இருக்கு, அப்படிப்பட்ட ஆள் கிடைச்சா அடித்தகட்டுக்கு அடிங்க, நிக்கற இடத்துல நின்னு பாருங்க.

கழட்ட முடிஞ்ச சின்னச் சின்ன சாமானுக்கு, அதாவது கிளாம்ப்பு, பேட்டரி பிடிக்கற கம்பி, கீல், பானெட்டு லாக்கு, சாதா போல்ட்டு வாசர் இதுக்கெல்லாம் ஜிங்க் பிளேட்டிங், அதாவது தொட்டியில போட்டு கரன்ட் பாய்ச்சி ஜிங்க்கைப் படிய வைக்கறது, போட்டு வாங்கறது தான் பெஸ்ட்டு. ஒரு பையில போட்டு மதுரைப் பக்கம் ஒரு பிளேட்டிங் பட்டறையில குடுத்தேன், கிலோ கணக்குல தான் ரேட் போட்டாங்க, சின்ன சாமானுக்கு அது கட்டுபடியாகும். அங்க எனக்கு ரொம்பப் பிடிச்சது பட்டறைக்காரரோட நேர்மை. பையைக் கொட்டி ஒவ்வொண்ணாத் தலையைப் பாத்து சில போல்ட்டை ஒதுக்கி வச்சுட்டாரு. "ஏன் அண்ணாச்சி, இதுக்கெல்லாம் போட மாட்டீங்களா"ன்னு கேட்டேன். "தம்பி, தலையில 10.9ன்னு போட்டிருக்கதை நான் தொட்டியில போட மாட்டேன், ஆசிட்ல முக்குனா பாக்க புதுசு கணக்கா இருக்கும், நீங்க டைட் வச்சு ரெண்டு நாள் கழிச்சு தானா தலை தெறிச்சிரும், நாளைக்கு எதும்னா யாரு பொறுப்பு? இதைப் புதுசே வாங்கிருங்க"ன்னாரு. வருமானம் போனாலும் பரவாயில்லன்னு சொன்ன மனுசன்.

அவர் சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. பிளேட்டிங்குக்கு முன்னாடி ஆசிட்ல துரு எடுக்கும்போதும், கரன்ட் பாய்ச்சும்போதும் ஹைட்ரஜன் இரும்புக்குள்ள புகுந்துடும். சாதா போல்ட்டுக்கு அது பெரிய விசயம் இல்ல, ஆனா 10.9, 12.9 (தலையில இருக்கற இந்த நம்பர் போல்ட்டோட பலத்தைச் சொல்றது, நம்பர் கூடினா பலம் கூட) மாதிரி கெட்டிப்படுத்தின போல்ட்டை அது உள்ளுக்குள்ளயே நொறுங்கற தன்மைக்குக் கொண்டு போயிடும், டைட் வச்ச அன்னைக்கு ஒண்ணும் ஆகாது, பிறகு தான் உடையும். பெரிய கம்பெனியில பிளேட்டிங் முடிஞ்ச சில மணி நேரத்துக்குள்ள 200 டிகிரி கிட்ட அடுப்புல மணிக்கணக்கா வச்சு அந்த ஹைட்ரஜனை வெளியேத்துவாங்க, சின்னப் பட்டறையில அந்த வசதி அபூர்வம். சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பிரேக் காலிப்பர், சீட் பெல்ட்டு போல்ட்டு எதையும் பிளேட்டிங்குக்குக் குடுக்காதீங்க. இந்த மாதிரி இடத்துக்கு கார் கம்பெனிங்க ஜிங்க் ஃப்ளேக்குன்னு ஒரு கோட்டிங் யூஸ் பண்றாங்க, ஜியோமெட்டு, டேக்ரோமெட்டுன்னு பேர் கேட்டிருப்பீங்க, பளபளப்பு இல்லாம சாம்பல் கலர்ல இருக்கும், அதுல கரன்ட் வேலையே கிடையாது, அதனால பிளேட்டிங்ல புகுற ஹைட்ரஜன் பிரச்சினை இதுல இல்ல. ஒரிஜினல் போல்ட்டு ரேட் கூடன்னு லோக்கல் வாங்கறவங்க இதையும் யோசிங்க.

பிளேட்டிங்கோட கனம் பொதுவா 8 மைக்ரான் கிட்ட தான், தலைமுடியே அதை விடப் பல மடங்கு தடிமன். அதனால பிளேட்டிங் போட்டு வந்ததும் அப்படியே மாட்டி விட்டா நம்ம காத்துல ரொம்ப நாள் நிக்காது. மஞ்சளா வானவில் அடிக்கற ஃபினிஷா, வெள்ளையான்னு கேப்பாங்க. பழைய மஞ்சள் ஃபினிஷ் ஹெக்ஸாவேலன்ட் குரோமியத்துல போடறது, துருவுக்கு நல்லா நிக்கும், ஆனா புற்றுநோய் வரவைக்கற சரக்கு, ஐரோப்பாவுல 2007ல இருந்தே புது வண்டி சாமான்ல அதைத் தடுத்துட்டாங்க. அதுக்குப் பதிலா வந்த டிரைவேலன்ட் குரோமியம் போடற பட்டறை கிடைச்சா அங்க போங்க, பட்டறையில வேலை பாக்கற பசங்களுக்கும் அது தான் நல்லது.

எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட்டு போட்டுட்டா பிரச்சினையே இல்லையேன்னு நிறைய பேர் சொல்றாங்க. நம்பர் பிளேட்டு, மட் ஃப்ளாப்பு, ஃபெண்டர் லைனிங் இதுக்குப் போடுங்க, அருமையா இருக்கும், கடல் பக்கம்னா 304ங்கற எஸ்.எஸ். வகையை விட 316 வகை வாங்குங்க. வெயிட் தாங்கற இடத்துல வேண்டாம். கடையில கிடைக்கற ஏ2-70 எஸ்.எஸ். போல்ட்டோட பலம் 8.8 போல்ட்டை விடவே கம்மி. எஸ்.எஸ். நட்டு எஸ்.எஸ். போல்ட்டுலயே கவ்விப் பிடிச்சு இறுகிப் போற வியாதியும் உண்டு, மாட்டும்போது ஆன்டி சீஸ்னு, மரை கவ்விக்காம இருக்கறதுக்கான பசை, தடவணும். அலுமினிய பிராக்கெட்டுல எஸ்.எஸ். போட்டா, சுத்தி இருக்கற அலுமினியம் வெள்ளைப் பொடியாப் போகும்.

இப்ப மேல் கோட். இது தான் இந்த ரிவ்யூவுல முக்கியமான பாதி, ஏன்னா ஜிங்க் தியாகம் பண்ணிக்கிட்டே கரைஞ்சு போற சாமான், அதை உப்புத் தண்ணி நேராத் தொடாம வச்சா தான் நீடிக்கும். கேவிட்டி வேக்ஸ் ஸ்ப்ரே ஆன்லைன்ல கிடைக்குது, நீளமான டியூபோட வர்றதா வாங்குங்க, ரன்னிங் போர்டு, டோர் உள்பக்கம் எல்லாம் எட்டும். அடிச்சதும் தண்ணியா ஓடி மரைக்குள்ள, தகடு ரெண்டு சேர்ற இடுக்குக்குள்ள எல்லாம் புகுந்து அப்புறம் கெட்டியாகுது, அந்த ஊறிப் போற குணம் தான் இதுல எனக்குப் பிடிச்சது. சின்னக் கீறல் விழுந்தாலும் வெயில் சூட்டுல கொஞ்சம் இளகி தானா மூடிக்குது. கம்பெனி சாமான் விக்கற கடையில ரஸ்ட் பிரிவென்டிவ் ஆயில்னு கேட்டீங்கன்னா கிடைக்கும், காஸ்ட்ராலோட ரஸ்டிலோ அந்த வகை, தண்ணியை ஒதுக்கித் தள்ளிட்டு மெல்லிசா ஒரு படலம் விடும், மெஷின் சாமான் ஸ்டோரேஜுக்குப் போடறது. வேக்ஸ் அளவுக்கு நிக்காது, ஆனா கீல், லாக்கு, சீட்டு ரெயில் மாதிரி நனையாத இடத்துக்கு அருமை. வேக்ஸ்ல குறைன்னு பாத்தா, மண்ணு ஒட்டும், கை வச்சா பிசுபிசுன்னு இருக்கும், வருசா வருசம் மழைக்கு முன்னாடி திரும்ப அடிக்கணும், ஹை பிரஷர் வாட்டர் சர்வீஸ்ல போல்ட்டுக்கு நேரா கன்னைப் பிடிச்சா பிச்சுக்கிட்டுப் போயிடும்.

டபிள்யூடி-40 போதாதான்னு எல்லாரும் கேக்கறாங்க. 1953ல அமெரிக்காவுல ராக்கெட் கம்பெனிக்காக ஈரத்தை ஒதுக்கறதுக்குன்னு செஞ்ச சரக்கு, இறுகின போல்ட்டை இளக்கறதுக்கும், நனைஞ்ச சாமானை உடனே காய வைக்கறதுக்கும் என் டூல் பெட்டியில எப்பவும் இருக்கு. ஆனா நீல டப்பாவுல வர்ற சாதா சரக்கு விடற படலம் ரொம்ப மெல்லிசு, வண்டி அடியில ஒரு மழைக்குத் தாங்காது, நீண்ட நாள் காப்புக்கு அந்தக் கம்பெனியே ஸ்பெஷலிஸ்ட் வரிசையில வேற சரக்கு வச்சிருக்கு. பழைய இன்ஜின் ஆயிலை சேஸிஸ்ல அடிக்கற பழக்கத்தை மட்டும் விட்டுடுங்க, அந்த எண்ணெய்ல எரிஞ்ச கரியும் அமிலமும் இருக்கு, ரப்பர் புஷ்ஷை ஊற வச்சுக் கெடுக்கும், சொட்டு சொட்டா மண்ணுல இறங்கும், நம்ம ஊர்ல இருக்கற கொஞ்ச நல்ல தண்ணியும் கெட்டுப் போகும்.

தேய்ச்சும் போகாத துருக்குழி இருந்தா ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவலாம், பாஸ்பாரிக் ஆசிட் இல்லன்னா டானிக் ஆசிட்ல செஞ்சது. டானிக் வகை தடவினா துரு கண்ணு முன்னாடியே கருநீலமா மாறும். நம்ம ஆளுங்களுக்கு இது புதுசு இல்ல, கலம்காரி துணியில கறுப்பு எடுக்கறதே இப்படித் தான், துருப்பிடிச்ச இரும்பை வெல்லத் தண்ணியில ஊறப் போட்டு எடுத்த சாறும் கடுக்காயில இருக்கற டானினும் சேர்ந்தா கறுப்பு. ஆனா கன்வெர்ட்டர் போட்ட இடத்துல ஜிங்க் ஸ்ப்ரே இரும்பைத் தொடாது, அங்க நேரா எபாக்ஸி பிரைமர் போட்டு, காஞ்சதும் மேல வேக்ஸ் அடிங்க. ஓட்டை விழுந்த இடத்துக்கு எந்த டப்பாவும் உதவாது, டிங்கர் கிட்ட போய் வெட்டி வெல்டு வச்சுட்டு வாங்க.

கழுவறது பத்தி ஒண்ணு சொல்லணும். நம்ம பக்கம் வாட்டர் சர்வீஸ் நிறைய இடத்துல போர் தண்ணி தான், அதுவே உப்பு. மண்ணைப் போக்கறதுக்கு அது போதும், ஆனா கடைசியா அடிப்பக்கம், வீல் ஆர்ச்சு உள்பக்கம் வீட்டுல நல்ல தண்ணி ரெண்டு வாளி ஊத்தி அலசிட்டு வெயில்ல கொஞ்ச தூரம் ஓட்டிட்டு நிறுத்துங்க. ஈரத்தோட கவர் போட்டு மூடாதீங்க.

எதை வாங்கறதுன்னு குழம்பினா, கடலோர ஊர்ல இருக்கறவங்க ஜிங்க் ஸ்ப்ரே ஒண்ணு, கேவிட்டி வேக்ஸ் ஒண்ணு, ஆன்டி சீஸ் சின்ன டப்பா ஒண்ணு வாங்குங்க. ஆன்டி சீஸை வீல் உக்காரற ஹப் முகத்துல மட்டும் மெல்லிசா தடவுங்க, வீல் ஸ்டட் மரையில வேண்டாம், வழுக்கலா இருந்தா அதே டார்க்குல (திருகற விசையில) நட்டு ஓவரா இறுகிடும். கோயம்புத்தூர், சேலம்னு உள்நாட்டுல இருக்கறவங்களுக்கு வேக்ஸ் மட்டும் அடிச்சாலே நிறைய நாள் வரும். புது வண்டி எடுத்தவங்க இப்பவே அடிச்சுடுங்க, துரு வராத போல்ட்டுக்கு வயர் பிரஷ் வேலையே கிடையாது, அரை நாள்ல முடிஞ்சிடும். அடிச்சு முடிச்சதும் டோர் அடி விளிம்புலயும் ரன்னிங் போர்டுலயும் இருக்கற வடிகால் ஓட்டையை ஒரு ஈர்க்குச்சி விட்டுக் குத்திப் பாத்துடுங்க, வேக்ஸ் அடைச்சிருந்தா அப்பவே திறந்துடும்.